குழாயடித் தகரம்

தம்புசாமிக்கு ஆளையும் நம்பத் தெரியாது, மெஷினையும் நம்பத் தெரியாது. மருமகள் வாணி கைபேசி வாங்கிக் கொடுத்தபோது, அதன் நெற்றியில் இருந்த கேமராக் கண்ணில் பிளாஸ்டர் ஒட்டிவிட்டுத்தான் சட்டைப்பையில் வைத்தார். "நான் சோறு தின்னுறத எவனும் உக்காந்து பார்க்க வேணாம்" என்றார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். கடைப் பலகையில் இருக்கும் தமிழை எழுத்துக் கூட்டி வாசித்துவிடுவார். கைபேசியில் ஓடும் பொடி எழுத்தும், இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் எழுதும் கூத்தும் அவருக்குச் சரிப்படவில்லை.

அப்படிப்பட்டவர் தினமும் காலையில் கிள்ளான் ரயில் நிலையத்துப் பக்கம் இருக்கிற சீனர் கோப்பிக் கடையில், பாலில்லாமல் ஆறிப்போன கோப்பி ஓவை முன்னால் வைத்துக்கொண்டு, கைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். சில நேரம் சிரிப்பார். சில நேரம் தோளில் கிடக்கும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். பார்ப்பவர்கள் கிழவனுக்கு யாரோ சிநேகிதி கிடைத்துவிட்டாள் என்று நினைத்தார்கள்.

கைபேசிக்குள் மஞ்ச லைன் இருந்தது.

மஞ்ச லைன் என்பது பிரிக்பீல்ட்ஸில் தண்டவாளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற ரயில்வே குவார்ட்டர்ஸ். நாலு வரிசை வீடு, சுவரெல்லாம் மஞ்சள் சுண்ணாம்பு, நடுவில் ஒரு குழாய், குழாய்க்கு நிழலாக ஒரு தூங்குமூஞ்சி மரம். கூட்ஸ் வண்டி போனால் அடுக்களைச் சட்டியெல்லாம் ஆடும். புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்கள் முதல் வாரம் தூங்கமாட்டார்கள். அப்புறம் வண்டி ஓடாத ராத்திரியில்தான் விழித்துக்கொள்வார்கள். அதை இடித்துப் பல வருஷமாகிவிட்டது. ஆட்கள் கிள்ளான், செலாயாங், சுபாங், ஜெஞ்சாரோம் என்று ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டார்கள். ஸ்டேஷனில் கிராணியாகக் கணக்கெழுதிக்கொண்டிருந்த சிவநேசன்தான் அவர்களைத் தேடித்தேடிப் பிடித்து ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டார். மஞ்ச லைன் குடும்பம் என்று பெயர். அரசியல் பேசக்கூடாது, சாமிச் சண்டை கூடாது, முட்டிவலித் தைலம் விற்கக்கூடாது என்று மூன்று சட்டம்.

தம்புசாமிக்கு அதில் வேண்டியதெல்லாம் குரல்தான். எழுத்தில் வருவதைத் தள்ளிவிட்டுக் குரலை மட்டும் அமுக்கிக் கேட்பார். ஜெஞ்சாரோமிலிருந்து லோகேஸ்வரி மீன் பொரித்துக்கொண்டே பேசுவாள். எண்ணெய் சத்தத்தில் அவள் அம்மாவின் அடுக்களை வந்துவிடும். சிக்னல்மேன் பழனியப்பன், பிரிக்பீல்ட்ஸை விட்டுப் போகவேமாட்டேன் என்று அங்கேயே ஒரு பிளாட்டில் கிடந்தவர், தினம் காலையில் ஒரே வாக்கியம் சொல்வார்: "லைன் கிளியர், எல்லாரும் எந்திரிங்க." அதைக் கேட்டால்தான் தம்புசாமிக்கு விடிந்த மாதிரி.

இன்னொன்றும் உண்டு. சாவுச் செய்தி. மஞ்ச லைன் ஆள் யார் போனாலும், பெட்டியை வீட்டிலிருந்து வண்டி வரைக்கும் மஞ்ச லைன் ஆள்தான் தூக்க வேண்டும். அது அந்தக் காலத்து வழக்கம். வீடு போய்விட்டாலும் வழக்கம் போகவில்லை. குழுவில் செய்தி விழுந்ததும் அங்கங்கே இருந்து நாலைந்து பேர் ரயில் ஏறி வந்துவிடுவார்கள். நரைத்த தலைகள் மூச்சு வாங்கிக்கொண்டு தூக்குவார்கள். பெண்டாட்டி சீதாலெட்சுமியை அப்படித்தான் தூக்கினார்கள். தன்னையும் அவர்கள்தான் தூக்குவார்கள் என்பது தம்புசாமி இந்த உலகத்தில் நம்பிய ஒன்றிரண்டு விஷயங்களில் ஒன்று.

இதெல்லாம் ஒரு போட்டோவில் வந்து முட்டியது.

போட்டோவைப் போட்டவன் கமலநாதன். இன்சூரன்ஸ் விற்று ஓய்ந்து சுபாங்கில் இருப்பவன். அவன் அப்பா முத்தையா மஞ்ச லைனுக்கே மண்டோர். தண்டவாள வேலைக்கு ஆளை அனுப்புவதும் அவர்தான், கோயில் திருவிழாவை நடத்துவதும் அவர்தான், பந்து விளையாட்டுக் குழுவை அமைத்ததும் அவர்தான். போட்டோவில் அந்தக் குழு மரத்தடியில் நின்றது. தம்புசாமியே பின்வரிசையில் இருந்தார், தலைநிறைய முடியோடு. பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபம் எடுத்து எல்லாரும் கூடப் போகிறோம், அங்கே இந்தப் போட்டோவைப் பெரிதாக்கி மாட்டப் போகிறோம், அப்பா படத்துக்கு மாலை போடப் போகிறோம் என்று கமலநாதன் குரலில் சொன்னான். போட்டோவுக்குக் கீழே பெயர்களை எழுதியிருந்தான். வாணி வாசித்துக் காட்டினாள். கடைசியில், "கோல் கீப்பர், பெயர் தெரியவில்லை" என்றாள்.

தம்புசாமிக்குத் தெரியும். லோகன். தண்டவாள வேலைக்குக் கொடுக்கும் கேன்வாஸ் கையுறையைப் போட்டுக்கொண்டு பந்து பிடிப்பான். யாராவது எழுதுவார்கள் என்று தம்புசாமி விட்டுவிட்டார். யாரும் எழுதவில்லை.

அன்றைக்கே பவுனம்மாள் குரல் வந்தது. லோகனுக்கு அக்காள். செலாயாங்கில் மகன் வீட்டில் இருப்பவள். குழுவில் அதுவரை வாயே திறந்ததில்லை.

"பேரு தெரியலையாப்பா கமலநாதா? நான் சொல்றேன். லோகன். என் கூடப் பொறந்தவன். கோயில் ஸ்பீக்கரக் காணோம்னு உங்கப்பா அவன இதே மரத்துலதான் கட்டிவச்சு அடிச்சாரு. நீ போட்டிருக்கியே, இதே மரம். அந்த ஸ்பீக்கரு திருட்டே போகல. ரிப்பேர் கடையில குடுத்தவரே உங்கப்பாதான். குடுத்துட்டு மறந்துட்டாரு. என் தம்பி சிங்கப்பூருக்குப் போறேன்னு போனவன், இன்னிக்கு வரைக்கும் இருக்கானா செத்தானான்னு தெரியாது. நீ மாலையைப் போடு. ஆனா இதையும் சொல்லிட்டுப் போடு."

குழு தீப்பிடித்துக்கொண்டது. கமலநாதன் அவளைப் பொய்க்காரி என்றான். அவன் சித்தப்பா மகன்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். செலாயாங்கிலிருந்து இரண்டு பேர் பவுனம்மாளுக்குப் பேசினார்கள். சிவநேசன் பவுனம்மாளின் குரலை அழித்தார். அவள் திரும்பப் பேசி அனுப்பினாள். திரும்ப அழித்தார். "நீங்க என்ன மண்டோருக்குக் கிராணியா?" என்று யாரோ கேட்டுவிட்டார்கள். அவ்வளவுதான். எழுபது வயதில் எனக்கு இந்தப் பேச்சு தேவையா என்று சிவநேசன் குழுவை விட்டே போய்விட்டார்.

தலைமை ஆள் போய்விட்டால் மெஷினே இன்னொருத்தனைப் பிடித்து உட்கார வைக்குமாம். அது தம்புசாமியைப் பிடித்தது.

"மாமா, நீங்கதான் இப்ப அட்மின்" என்றாள் வாணி.

"எவன் போட்டான்?"

"யாரும் போடல மாமா. அதுவா போட்டுக்கும்."

"அதுவா எதுவும் நடக்காது. எவனோ என்னை மாட்டிவிட்டிருக்கான். இதுல நான் எதுக்கும் கையெழுத்துப் போட்டேனா?"

"கையெழுத்தெல்லாம் இல்ல மாமா. நீங்க யாரை வேணும்னாலும் வெளிய தள்ளலாம். யாரு பேசுனதையும் அழிக்கலாம்."

தம்புசாமி கைபேசியை மேசையில் வைத்துவிட்டுக் கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

மறுநாள் கமலநாதன் காரை எடுத்துக்கொண்டு கிள்ளானுக்கே வந்துவிட்டான். கையில் ஒரு பை மங்குஸ்தான்.

"எதுக்கு இது? ஓட்டுக் கேக்க வந்தியா?" என்றார் தம்புசாமி.

"சும்மா லா அண்ணே. பார்த்து நாளாச்சேன்னு வந்தேன்." உட்கார்ந்தான். பழத்தைப் பற்றி, வாணியின் வேலையைப் பற்றிப் பேசினான். பிறகு குரல் இறங்கியது. "அண்ணே, அந்தப் பொம்பளையத் தூக்கிடுங்க."

"உண்மையா இருந்தா?"

"உண்மைன்னு யாரு சொன்னா? சாட்சி யாரு? என் அப்பா செத்துப் பத்து வருஷமாச்சு. அவரு வந்து பதில் சொல்ல முடியுமா? செத்தவரைப் பத்தி யாரு வேணும்னாலும் என்ன வேணும்னாலும் பேசிட்டுப் போயிடலாமா? என் பேத்தி குரூப்புல இருக்கா. 'தாத்தா, உங்க அப்பா ஆளைக் கட்டிவச்சு அடிச்சாரா'ன்னு கேக்கறா. நான் என்ன சொல்லட்டும், நீங்களே சொல்லுங்க." அவன் கண் கலங்கியிருந்தது, நடிப்பு இல்லை. "அவ இருந்தா நாங்க எங்க குடும்பமே வெளிய போயிடுவோம். நாங்க மட்டும் முப்பது பேரு. அப்புறம் உங்க குரூப்புல யாரு இருப்பா?"

அவன் கார் திரும்பிப் போன கொஞ்ச நேரத்தில் பவுனம்மாள் கூப்பிட்டாள்.

"அவன் வந்தானாமே."

"உனக்கு எப்படித் தெரியும் பவுனக்கா?"

"எல்லாம் தெரியும். என்னைத் தள்ளப் போறியா தம்பு? தள்ளு. அம்பது வருஷமா வெளியதான் நிக்கிறேன், எனக்கு ஒண்ணும் புதுசில்ல."

"அக்கா, நீ சொல்றதை நான் எப்படி நம்புறது? அப்ப நான் ஊர்லயே இல்ல. வெள்ளத்துல ரயில் பாதை அடிச்சுட்டுப் போச்சுன்னு குவா மூசாங் பக்கம் வேலைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தேன், லோகன் ஓடிட்டான்னு சொன்னாங்க. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"நம்பச் சொன்னேனா? கேக்கத்தான சொன்னேன்." பவுனம்மாள் மூச்சு விட்டது காதில் உரசியது. "அன்னிக்கு யாரும் தகரம் அடிக்கல தம்பு. ஒரு நாய் செத்ததுக்கெல்லாம் தகரம் அடிச்ச லைனு. என் தம்பிக்கு அடிக்கல. அவன் வாயைத் திறக்கறதுக்குள்ள கட்டிட்டாங்க."

தம்புசாமிக்கு இரண்டு பக்கமும் நியாயமாகத்தான் பட்டது. அதுதான் எரிச்சல். யாரைத் தள்ளினாலும் மஞ்ச லைன் இரண்டாகப் பிளக்கும். பிளந்தால் காலையில் குரல் இல்லை, தூக்க ஆள் இல்லை. யாரும் யாரையும் தள்ளாமல் வாயை மட்டும் மூட வழி உண்டா என்று வாணியிடம் கேட்டார்.

"இருக்கு மாமா. அட்மின் மட்டும்தான் பேசலாம்னு மாத்தி வைக்கலாம். மத்தவங்க பார்க்கலாம், பேச முடியாது."

"அதைப் போடு. கொஞ்ச நாளைக்கு எல்லாரும் சூடு ஆறட்டும்."

வாணி இரண்டு இடத்தில் தட்டினாள். குழு ஊமையானது.

முதல் காலை நிம்மதியாக இருந்தது. கோப்பி ஓவைச் சூடாகவே குடித்தார். இரண்டாவது காலை கைபேசியைக் காதில் வைத்துப் பார்த்தார்; பழைய குரல்களைத்தான் திரும்பக் கேட்க முடிந்தது. அதற்கடுத்த நாட்களில் பழனியப்பனின் பழைய "லைன் கிளியர்" ஒன்றையே அமுக்கி அமுக்கிக் கேட்டார். நேற்றுச் சொன்னதை இன்றைக்குக் கேட்டால் எழுந்த மாதிரி இல்லை. கடைக்காரர் கேட்டார்: "அங்கிள், ஏன் சோகம்? போன்ல பேசற அமோய் சண்டை போட்டுட்டாளா?"

பேச ஆளில்லாமல் உட்கார்ந்திருக்கும்போது அவருக்கு அந்தத் தகரம்தான் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது.

குழாயடியில் ஓர் இரும்புக் கம்பத்தில் மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்று தொங்கும். பக்கத்தில் ஒரு பழைய தண்டவாள ஆணி. யாருக்காவது யார் மேலாவது குறை இருந்தால் ஆணியை எடுத்து மூன்று தட்டுத் தட்டலாம். ஆம்பளை, பொம்பளை, கூலி, மண்டோர் என்ற பேதம் கிடையாது. சத்தம் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு எல்லாரும் வந்துவிடுவார்கள். தட்டினவன் சொல்லி முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேசக் கூடாது. கெட்ட வார்த்தை பேசினாலும் பேசட்டும். ஆனால் சொல்லிவிட்டு அவன் போகவும் கூடாது. அங்கேயே நின்று மற்றவன் சொல்வதை முழுசாகக் கேட்க வேண்டும். கடைசியில் இரண்டு பேரும் ஒரே வார்த்தை சொல்வார்கள்: கேட்டாச்சு. ஒத்துக்கொண்டேன் என்று அர்த்தம் இல்லை. மன்னித்தேன் என்றும் இல்லை. நீ சொன்னது என் காதில் விழுந்தது, அவ்வளவுதான். அதற்கு மேல் அதைப் பற்றி மறைவில் முணுமுணுப்பவனுக்கு லைனில் மரியாதை கிடையாது.

சீதாலெட்சுமி ஒருமுறை அவர் மேலேயே தட்டினாள். கையில் கரண்டியோடு வந்து நின்று, "இந்த மனுசன் சனி ஞாயிறு பந்து பந்துன்னு ஓடுறாரு, வீட்டுக் கூரை ஒழுகி அரிசி மூட்டை முளைச்சுப் போச்சு, நான் சோறு ஆக்கவா நாத்து நடவா?" என்று கேட்டாள். நாலு வரிசையும் சிரித்தது. பழனியப்பன் சிரித்துச் சிரித்துக் குழாயைப் பிடித்துக்கொண்டார். தம்புசாமி "கேட்டாச்சு" என்றார். மறுநாள் கூரையில் ஏறினார். அந்த அவமானத்தை இப்போது யாராவது திருப்பிக் கொடுத்தால் கால் பவுன் தங்கம் கொடுத்து வாங்கிக்கொள்வார்.

இப்படி யோசித்துக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்த வாணி அவருடைய கைபேசியை எடுத்துப் பார்த்தாள்.

"மாமா, மலர்விழி யாரு?"

"பழனியப்பன் மகள். ஏன்?"

வாணி திரையை மேலும் கீழும் தள்ளினாள். "மாமா, இவங்க உங்களுக்கு மெசேஜ் போட்டிருக்காங்க. புதன்கிழமை. எழுத்துல." அவள் குரல் மாறிவிட்டது. "அவங்க அப்பா இறந்துட்டாராம். குரூப்புல போட முடியல, நீங்க போடுங்கன்னு கேட்டிருக்காங்க. வியாழக்கிழமை மத்தியானம் எடுக்குறோம்னு. மூணு தடவை போட்டிருக்காங்க மாமா."

செய்தி மூன்று நாளாக அவர் சட்டைப்பையிலேயே இருந்திருக்கிறது. குரலாக வந்திருந்தால் கேட்டிருப்பார். எழுத்தாக வந்ததால் தள்ளிவிட்டார். தம்புசாமி எழுந்து சட்டையை மாற்றிக்கொண்டு கொமுட்டர் ரயில் பிடிக்கப் போனார். கூட வருகிறேன் என்ற வாணியை வேண்டாம் என்றுவிட்டார்.

பிரிக்பீல்ட்ஸ் வழக்கம்போல இரைச்சலாக இருந்தது. சேலைக் கடை வாசலில் பாட்டு, இலைச் சாப்பாட்டுக் கடையில் கூட்டம், தலைக்கு மேல் மோனோரயில். பழனியப்பன் வீட்டுக்குப் போகும் வழியில் மஞ்ச லைன் இருந்த இடத்தைத் தாண்ட வேண்டும். இப்போது அங்கே முப்பது மாடி. குழாய் இருந்த இடத்தில் காவல் கூண்டு. தம்புசாமி ஒரு நிமிஷம் நின்றார். மரம் எந்தப் பக்கம் இருந்தது என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். காவல்காரன், யாரோ நேப்பாளத்துப் பையன், கூண்டை விட்டு வெளியே வந்து கையை ஆட்டினான்.

"பாக்சிக், சினி தா போலே."

இங்கே நிற்கக் கூடாதாம். "உங்கப்பன் வீட்டு இடமாடா?" என்று தமிழில் கேட்டுவிட்டு நடந்தார்.

மலர்விழி கதவைத் திறந்தாள். அழுது ஓய்ந்த முகம். பழனியப்பன் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. பக்கத்தில் அவருடைய பழைய பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் மடித்து வைத்திருந்தார்கள்.

"வாங்க அங்கிள்" என்றாள். கோபமாகத் திட்டியிருந்தால் தேவலை.

"எத்தனை பேரு வந்தாங்க?"

"எங்க ஆபிஸ் ஆளுங்க வந்தாங்க. பக்கத்து வீட்டுக்காரங்க. அப்பா போன்ல இருந்த ஒண்ணு ரெண்டு நம்பருக்கு அடிச்சேன், லோகேஸ்வரி ஆன்டி மட்டும் ஜெஞ்சாரோம்ல இருந்து டாக்சி பிடிச்சு வந்தாங்க. வந்து சேரும்போது எடுத்தாச்சு."

"தூக்குனது?"

மலர்விழி படத்தைப் பார்த்தாள். "சவப்பெட்டிக் கம்பெனி ஆளுங்கதான் அங்கிள். நாலு பசங்க, ஒரே மாதிரி டீ-சட்டை போட்டுக்கிட்டு. பாவம், அவங்க நல்லாத்தான் தூக்குனாங்க. ஒருத்தனுக்குக் கூட அப்பா பேரு தெரியாது." பிறகு கேட்டாள்: "எதுக்கு அங்கிள் மூடினீங்க?"

"சண்டை போட்டாங்கம்மா."

"அவங்க எப்பதான் சண்டை போடல? அப்பா சொல்லுவாரு, குழாயடில போடாத சண்டையான்னு."

தம்புசாமி தரையில் உட்கார்ந்தார். முட்டி வலித்தது. ஒருத்தியின் வாயை அடைக்க வேண்டாமே என்று எல்லார் வாயையும் அடைத்தார். அதில் செத்தவன் வாயும் அடைபட்டுப் போனது. முத்தையா மண்டோர் லோகனுக்குச் செய்ததாகப் பவுனம்மாள் சொல்வதும் ஏறக்குறைய இதுதானே என்று அவருக்குத் தோன்றியது. கேட்காமல் விட்டது. அமைதியாக இருக்கட்டும் என்று கேட்காமல் விட்டது.

"வீட்டுல தகரம் எதாச்சும் இருக்காம்மா?"

"என்ன அங்கிள்?"

"டின்னு. காலி டின்னு. தட்ட ஒரு கரண்டியும் கொண்டா."

மலர்விழி புரியாமல் அடுக்களைக்குப் போய் ஒரு மைலோ டின்னையும் கரண்டியையும் கொண்டுவந்தாள். தம்புசாமி கைபேசியை அவளிடம் நீட்டினார். "மூடினதைத் திறந்துவிடு. அப்புறம் நான் பேசறதுக்கு அமுக்கிப் பிடிச்சுக்க."

அவள் திறந்தாள். பிறகு கைபேசியை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். தம்புசாமி கரண்டியை எடுத்து டின்னில் மூன்று தட்டுத் தட்டினார். விளக்கு அசைந்தது.

"நான் தம்புசாமி பேசறேன். எல்லாரும் வாங்க. முதல்ல என் மேல நானே தட்டறேன். சிக்னல்மேன் பழனியப்பன் புதன்கிழமை போய்ட்டாரு. நான் குரூப்ப மூடி வச்சிருந்தேன். அதனால உங்களுக்குத் தெரியாமப் போச்சு. லைன் ஆளு ஒருத்தன் கையும் அந்தப் பெட்டியில படல. அதுக்கு நான்தான் பொறுப்பு. யாருக்கு என்னைத் திட்டணுமோ திட்டுங்க, நான் இங்கேயேதான் இருக்கேன்." மூச்சு வாங்கினார். "இனிமே இங்க குழாயடிச் சட்டம்தான். யாரு மேல வேணும்னாலும் குறை சொல்லலாம். உயிரோட இருக்கறவன் மேலயும் சொல்லலாம், செத்தவன் மேலயும் சொல்லலாம். ஆனா சொந்தக் குரல்ல சொல்லணும். எவனோ அனுப்பினதத் தூக்கி இங்க போட்டுட்டு ஓடுறவன நான் வெளிய தள்ளுவேன், அதுல மரியாதை பார்க்க மாட்டேன். சொன்னவங்க நின்னு பதிலையும் கேக்கணும். செத்தவங்களுக்கு அவங்க புள்ளைங்க பதில் சொல்லலாம். பவுனக்கா, நீ முதல்ல இருந்து சொல்லு. யாரும் குறுக்க வரக்கூடாது. கமலநாதா, நீ அப்புறம் சொல்லு. போறதுன்னா போ. ஆனா கேட்டுட்டுப் போ."

மலர்விழி கையை எடுத்தாள். "அனுப்பட்டா அங்கிள்?"

"அனுப்பு."

ஜெஞ்சாரோமிலிருந்து லோகேஸ்வரியின் குரல்தான் முதலில் வந்தது: "ஐயோ, அந்தத் தகரச் சத்தம் கேட்டு அடுப்ப அணைச்சிட்டேன் தம்பு மாமா." பிறகு பழனியப்பனுக்காக அழுதாள். பிறகு தம்புசாமியைத் திட்டினாள், நன்றாகவே திட்டினாள். வரிசையாகத் திட்டு வந்தது. தம்புசாமி ஒவ்வொன்றையும் கேட்டார். மலர்விழியும் கேட்டாள். அவள் அப்பாவைப் பற்றி எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒரு இடத்தில் அவள் சிரித்துவிட்டாள்.

சாயங்காலம், கிள்ளானுக்குத் திரும்பும் ரயிலில் பவுனம்மாளின் குரல் வந்தது. நீளமான குரல். திட்டு இல்லை, சாபம் இல்லை. அன்றைக்குக் காலையில் லோகன் என்ன சாப்பிட்டான் என்பதிலிருந்து ஆரம்பித்தாள். கயிறு எந்தக் கடையில் வாங்கினது என்று சொன்னாள். அவிழ்த்துவிட்ட பிறகு அவன் நேராகக் குழாய்க்குப் போய் முகம் கழுவிக்கொண்டு, தகரத்தைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றதைச் சொன்னாள். "ஆணிய எடுத்தான் தம்பு. அப்புறம் திரும்ப வச்சிட்டான். தட்டினா யாரும் வரமாட்டாங்கன்னு நினைச்சிட்டான் போல." கடைசியில், "நான் போகல. இங்கதான் இருக்கேன்" என்றாள்.

யாரும் குறுக்கே வரவில்லை. கமலநாதனின் உறவுக்காரர்கள் ஏழெட்டுப் பேர் சத்தம் போடாமல் வெளியே போனார்கள். கமலநாதன் போகவில்லை. பேசவும் இல்லை.

மறுநாள் காலையில் கோப்பிக் கடையில் தம்புசாமி கைபேசியைக் காதில் வைத்தார். பழனியப்பன் குரல் வராது என்று தெரிந்தும் ஒரு கணம் காத்திருந்தார். வந்தது கமலநாதன் குரல். பின்னால் கார் சத்தம் எதுவும் இல்லை; எங்கேயோ தனியாக உட்கார்ந்து பேசியிருக்கிறான்.

"அக்கா, நான் கமலநாதன். அப்ப எனக்கு எட்டு வயசு. அன்னிக்கு என்னை வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டிட்டாங்க. சத்தம் கேட்டுச்சு. என்ன சத்தம்னு எனக்குத் தெரியாது, நான் கேக்கவும் இல்ல. ஸ்பீக்கர் கதை எனக்குத் தெரியாது, அத நான் ஒத்துக்க மாட்டேன். என் அப்பா எனக்கு நல்ல அப்பா. அவரு படத்துக்கு நான் மாலை போடுவேன். நீங்க வந்தாலும் போடுவேன்." செருமிக்கொண்டான். "ஆனா பேரு தெரியாதுன்னு எழுதினேன் பாருங்க, அது பொய். எங்க வீட்டுல அந்தப் பேர மட்டும் யாரும் சொல்ல மாட்டாங்க. கேட்டா அம்மா எந்திரிச்சுப் போயிடுவாங்க. அதனால எனக்கும் எழுதக் கை வரல. அவ்வளவுதான் அக்கா. நீங்க சொன்னது கேட்டாச்சு."

தம்புசாமி கோப்பியைத் தொடவில்லை. பவுனம்மாளின் பதில் வர வெகுநேரமானது. வந்தபோது முதலில் மின்விசிறியின் கடகட சத்தம் மட்டும்தான் கேட்டது. அவள் பேசாமலே விட்டுவிட்டாளோ என்று நினைத்தார். கடைசியில் அந்த ஒரு வார்த்தை வந்தது, பழைய குழாயடியில் நின்று சொன்ன மாதிரியே, கொஞ்சம் கடுப்பாக, கொஞ்சம் களைப்பாக.

"கேட்டாச்சு."

கொஞ்ச நேரத்தில் குழுவில் போட்டோ திரும்பவும் விழுந்தது. கமலநாதன்தான் போட்டிருந்தான்; குரல் இல்லை, போட்டோவும் கீழே தமிழில் பெயர்களும்தான். வழக்கமாக அதைத் தள்ளிவிடுவார். வாணி வேலைக்குப் போய்விட்டாள். தம்புசாமி கண்ணாடியைத் துண்டால் துடைத்துப் போட்டுக்கொண்டார். கைபேசியைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்து, விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுக்கொண்டு போனார். தன் பெயரைத் தாண்டினார். பழனியப்பனைத் தாண்டினார். கடைசி வரிக்கு வந்தார்.

"லோ," என்றார் மெதுவாக. "க. ன்."

பக்கத்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "யாரு அங்கிள்?"

"எங்க கோல் கீப்பர்" என்றார் தம்புசாமி.